வலிக்கு எத்தனை மார்க்? மயக்கவியல் ஆய்வுகளில் பொய்க்கணக்கு பிடிபட்ட விதம்

"ஆபரேஷனுக்கு முன்னால் இந்த மாத்திரையைப் போட்டால் பிறகு வலி பாதிதான்" என்று ஒரு செய்தி வரும். கொஞ்ச காலம் கழித்து, அந்த ஆய்வு "திரும்பப் பெறப்பட்டது" என்று ஒரு மூலையில் நாலு வரி வரும். படிப்பவருக்குத் தலை சுற்றும். மருந்து வேலை செய்யாதா? ஆய்வே நடக்கவில்லையா? அப்படியென்றால் இத்தனை நாள் அந்த மாத்திரையை எழுதிக் கொடுத்த டாக்டர்கள் எதை நம்பி எழுதினார்கள்?

மயக்கவியல் துறையில் இந்தக் கேள்விகளுக்கு அவசியம் அதிகம். அதிக ஆய்வுக் கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டவர்களின் பட்டியல் ஒன்றை ‘ரிட்ராக்‌ஷன் வாட்ச்’ என்ற அமைப்பு வைத்திருக்கிறது. அதன் உச்சியில் இடம்பெற்ற இருவரும் மயக்க மருந்து நிபுணர்கள்தான்: ஜெர்மனியின் யோவாகிம் போல்ட், ஜப்பானின் யோஷிடாகா ஃபுஜி. இது தற்செயலா என்றால், இல்லை. காரணத்தைப் புரிந்துகொள்ள, வலியை எப்படி அளக்கிறார்கள் என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

வலி என்பது ஒரு வாய்மொழி எண்

காய்ச்சலுக்குத் தெர்மாமீட்டர் இருக்கிறது, ரத்த அழுத்தத்துக்கு மெஷின் இருக்கிறது. வலிக்கு எதுவும் கிடையாது. அறுவை முடிந்து வார்டுக்கு வந்தவரிடம் நர்ஸ் கேட்பார்: "வலியே இல்லைன்னா சைபர், தாங்கவே முடியலைன்னா பத்து. இப்ப எத்தனை?" நோயாளி "ஆறு" என்பார். சார்ட்டில் 6 என்று ஏறும். அளவீடு அவ்வளவுதான்.

ஆய்வுகளில் இதன் இன்னொரு வடிவமும் உண்டு. 100 மில்லிமீட்டர் நீளத்தில் ஒரு கோடு போட்டு, வலி எந்த இடத்தில் இருக்கிறது என்று நோயாளியையே புள்ளி வைக்கச் சொல்வார்கள். இடது முனையிலிருந்து ஸ்கேலால் அளந்தால் மார்க் வந்துவிடும். இந்தக் கோட்டில் ஏறக்குறைய 10 மில்லிமீட்டர் குறைந்தால்தான் நோயாளிக்கு அது வித்தியாசமாகத் தெரியும் என்பது 2017இல் வெளியான ஓர் ஆய்வின் கணக்கு. மார்க் 33க்குக் கீழே இருந்தால் "பரவாயில்லை, சமாளிக்கலாம்" என்கிற நிலை. இந்த 10 என்ற எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

வேறு ஒரு வழியும் இருக்கிறது, நோயாளியே இயக்கும் மார்பின் பம்ப். கையில் ஒரு பட்டன். அழுத்தினால் ரத்த நாளத்துக்குள் பொதுவாக 1 மில்லிகிராம் மார்பின் போகும். அடுத்த ஐந்து, பத்து நிமிடத்துக்கு எத்தனை தடவை அழுத்தினாலும் பம்ப் அசையாது. 24 மணி நேரத்தில் எவ்வளவு மார்பின் இறங்கியது என்பதைப் பம்ப்பே குறித்துவைக்கும். புதிய வலி நிவாரணி வேலை செய்தால் இந்த அளவு குறைய வேண்டும்.

இரண்டுக்கும் ஒரு முக்கியமான வித்தியாசம் உண்டு. பம்ப்பின் கணக்கை இன்னொருவர் போய்ச் சரிபார்க்கலாம். நோயாளி சொன்ன ‘ஆறு’ சொன்ன கணத்தோடு போய்விட்டது. ஒரு மாதம் கழித்து அவரையே கேட்டாலும் நினைவிருக்காது. ஆய்வாளர் எழுதியதுதான் எழுத்து.

நேர்மையான ஆய்வில் என்ன இருக்கும்

1. நெறிமுறைக் குழுவின் அனுமதி. ஆய்வு தொடங்கும் முன் மருத்துவமனையின் குழு ஒப்புதல் தர வேண்டும். அதற்கென்று ஒரு ஃபைல், ஒரு எண், ஒரு தேதி இருக்கும்.

2. பொதுப் பதிவு. என்ன அளக்கப்போகிறோம், எத்தனை பேரிடம் என்பதை முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். இந்தியாவில் மருந்து ஆய்வுகளை இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவகத்தில் பதிவது 2009 ஜூன் 15 முதல் கட்டாயம். முடித்துவிட்டுப் பதிவதும் நடந்துகொண்டிருந்தது. 2018 ஏப்ரலோடு அந்தக் கதவையும் மூடிவிட்டார்கள். இணையத்தில் யார் வேண்டுமானாலும் தேடிப் பார்க்கலாம்.

3. குலுக்கல். எந்த நோயாளிக்குப் புது மருந்து, யாருக்குப் பழையது என்பதை டாக்டர் தீர்மானிக்கக் கூடாது.

4. மறைப்பு. நோயாளிக்கும் தெரியாது, மார்க் கேட்கும் நர்ஸுக்கும் தெரியாது. வலி வாய்மொழி எண் என்பதால் இங்கே இது மற்ற துறைகளைவிட முக்கியம். "புது மருந்து கொடுத்திருக்கோம்" என்று தெரிந்தாலே பாதி வலி போய்விடும் ஆட்கள் உண்டு.

5. மீட்பு மருந்து. ஒப்பிட்டுப் பார்க்கக் கொடுக்கும் மருந்தில்லாத வெற்று மாத்திரை கிடைத்தவரை வலியில் துடிக்க விட முடியாது. எந்தக் குழுவில் இருந்தாலும், கேட்டால் உடனே வலி நிவாரணி கிடைக்க வேண்டும். ஆய்வில் சேரச் சொல்லிக் கையெழுத்துக் கேட்டால், நோயாளியின் வீட்டார் முதலில் விசாரிக்க வேண்டியது இதைத்தான்.

ஸ்பிரிங்ஃபீல்ட்: இல்லாத நோயாளிகள்

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஸ்பிரிங்ஃபீல்ட் என்ற ஊர். அங்குள்ள பேஸ்டேட் மருத்துவ மையத்தில் வலி நிவாரணப் பிரிவின் தலைவர் ஸ்காட் ரூபன். 1990களின் இரண்டாம் பாதியிலிருந்து இந்தத் துறையில் பெரிய பெயர். வலி வந்த பிறகு மார்பின் கொடுப்பதைவிட, அறுவைக்கு முன்பே வேறு வேறு வகை மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தால் மார்பின் தேவை குறையும் என்பது அவர் எழுதிவந்த விஷயம். செலிகாக்ஸிப், ரோஃபிகாக்ஸிப், பிரிகாபலின் என்று அவர் கைபட்ட மருந்துகளெல்லாம் வேலை செய்தன. முதுகெலும்பை இணைக்கும் அறுவைக்குப் பிறகு செலிகாக்ஸிப் கொடுத்தால் எலும்பு கூடுவது கெடுமோ என்ற பயம் டாக்டர்களுக்கு இருந்தது. கெடாது என்றும் ஒரு கட்டுரை போட்டார்.

2008இல் மருத்துவமனை வழக்கமான ஒரு சரிபார்ப்பு நடத்தியது. அவர் சமர்ப்பித்திருந்த இரண்டு ஆய்வுச் சுருக்கங்களுக்கு நெறிமுறைக் குழுவின் அனுமதி இல்லை. பெரிய துப்பறிதல் ஒன்றும் இல்லை, ஃபைலைத் தேடினார்கள், ஃபைல் இல்லை. அந்த நூலைப் பிடித்து இழுத்ததில், 1996 தொடங்கி 21 கட்டுரைகளில் தரவுகள் புனையப்பட்டிருந்தது தெரிந்தது. சிலவற்றில் ஒரு நோயாளிகூடச் சேர்க்கப்படவே இல்லை. செலிகாக்ஸிப் ஆய்வு ஒன்றுக்காக 2005இல் ஃபைசர் நிறுவனம் 75,000 டாலர் கொடுத்திருந்தது. அந்த ஆய்விலும் நோயாளி எண்ணிக்கை சைபர். நீதிமன்றத்தில் ரூபன் குற்றத்தை ஒப்புக்கொண்டார். 2010இல் 6 மாதச் சிறைத் தண்டனை.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். ரூபன் பொய் சொன்னார் என்பதால் ‘பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் முறை’ பொய்யாகிவிடவில்லை. அந்த யோசனை அவருக்கு முந்தையது. டென்மார்க்கின் ஹென்ரிக் கெலட், யோர்கன் டால் இருவரும் 1993இலேயே எழுதியிருக்கிறார்கள். பாரசிட்டமாலோடு அழற்சி குறைக்கும் மாத்திரை, காயத்தைச் சுற்றி மரத்துப்போகும் ஊசி என்ற கூட்டணிக்கு ரூபனைச் சாராத ஆதாரம் நிறைய உண்டு. இன்றும் மருத்துவமனைகளில் நடப்பது அதுதான். விழுந்தது, எந்த மருந்து எவ்வளவு, யாருக்கு ஆபத்தில்லை என்று அவர் சொன்ன விவரங்கள். நோயாளியைத் தொடுவது அந்த விவரங்கள்தான்.

ஃபுஜியின் தலைவலிகள்

மயக்க மருந்து தெளிந்ததும் பலருக்கு வலியைவிடப் பெரிய தொல்லை குமட்டலும் வாந்தியும். வயிற்றில் தையலோடு வாந்தி எடுப்பது எப்படி இருக்கும் என்று அனுபவித்தவர்களுக்குத் தெரியும். அதைத் தடுக்கும் கிரானிசெட்ரான் ஊசியைப் பற்றித்தான் யோஷிடாகா ஃபுஜி கட்டுரை கட்டுரையாக எழுதினார்.

2000ஆம் ஆண்டில் ஜெர்மனியைச் சேர்ந்த மூன்று மருத்துவர்கள் அந்தக் கட்டுரைகளை வரிசையாக வைத்துப் பார்த்தார்கள். அவர்கள் கண் போனது முக்கியமான முடிவுகள் மேல் அல்ல; யாரும் படிக்காத பக்க விளைவுப் பட்டியல் மேல். எத்தனை பேருக்குத் தலைவலி வந்தது? ஒரு குழுவில் எத்தனையோ, அடுத்த குழுவிலும் அத்தனையே. அடுத்த கட்டுரையிலும் அதே கதை. நிஜ மனிதர்களின் தலைவலி இப்படிச் சமமாகப் பங்கு பிரித்துக்கொண்டு வராது. "ஃபுஜியின் தரவுகள் நம்ப முடியாத அளவுக்கு அழகாக இருக்கின்றன" என்று கேலியும் குற்றச்சாட்டும் கலந்த தலைப்பில் இதழுக்கு ஒரு கடிதம் எழுதினார்கள். கடிதம் அச்சானது. நிரூபிக்க இன்னும் எவ்வளவு ஆதாரம் வேண்டும் என்ற தோரணையில் ஃபுஜியின் பதிலும் அச்சானது. அதோடு சரி. பத்தாண்டுக்கு மேல் யாரும் ஒன்றும் செய்யவில்லை. அவர் கட்டுரைகள் வந்துகொண்டே இருந்தன. என்னைக் கேட்டால், ஃபுஜி செய்ததைவிட இந்த மௌனம்தான் பெரிய தவறு.

பந்தியில் இரண்டு வரிசை

2012இல் ஃபுஜியின் கதையை முடித்தவர் ஜான் கார்லைல். இங்கிலாந்தின் டார்க்வே என்ற கடலோர ஊரில் வேலை பார்க்கும் மயக்க மருந்து நிபுணர். அவர் கையாண்ட முறை எளிமையானது, விளங்கிக்கொள்ள ஒரு கல்யாணப் பந்தி போதும்.

பந்தியில் இரண்டு வரிசை, வரிசைக்கு 50 பேர். யார் எங்கே உட்கார்ந்தார்கள் என்பதில் எந்த ஒழுங்கும் இல்லை, குலுக்கிப் போட்டது போலத்தான். ஊர்க்காரர்களின் சராசரி எடை 62 கிலோ, ஆளுக்கு ஆள் விலகல் ஏறக்குறைய 10 கிலோ என்று வைத்துக்கொள்வோம். இரண்டு வரிசையின் சராசரி எடையையும் கணக்கிட்டால் என்ன வரும்? ஒன்று 61.2, மற்றது 62.7 என்பது போல ஒன்றிரண்டு கிலோ வித்தியாசம் வருவது இயல்பு. 4 கிலோவுக்கு மேல் வித்தியாசம் வருவது 20 பந்திக்கு ஒன்று. சரி, 100 கிராமுக்குள் ஒட்டி வருவது? அதுவும் 25 பந்திக்கு ஒன்றுதான்.

ஒரு பந்தியில் அப்படி வந்தால் அதிசயமில்லை. தொடர்ந்து ஐந்து பந்தியில் வந்தால் அதன் வாய்ப்பு ஏறக்குறைய ஒரு கோடியில் ஒன்று. எடையை யாரும் போடவில்லை, எழுதினார்கள் என்றே அர்த்தம்.

புனைபவர் மாட்டிக்கொள்வது இங்கேதான். "குலுக்கல் ஒழுங்காக நடந்ததால் இரண்டு குழுவும் ஒரே மாதிரி இருக்கின்றன" என்று காட்ட ஆசைப்பட்டு, வயது, உயரம், எடை எல்லாவற்றையும் ரொம்பவே ஒட்டி எழுதிவிடுவார். தற்செயல் எப்படி இருக்கும் என்று மனித மூளைக்குக் கற்பனை செய்ய வராது.

ஃபுஜியின் 168 ஆய்வுகளில் இருந்த 33 வகை அளவுகளை கார்லைல் சோதித்தார். 28 வகை எதிர்பார்த்தபடி இல்லை. சிலவற்றுக்கான வாய்ப்பு, 1க்குப் பின்னால் 33 சைபர் போட்டு வரும் எண்ணில் ஒன்றைவிடக் குறைவு. அதே ஆண்டு ஜப்பானிய மயக்கவியல் சங்கத்தின் விசாரணைக் குழு 212 கட்டுரைகளைப் பரிசீலித்து, 172இல் புனைவு என்று அறிவித்தது. அவற்றில் 126 முழுக்க முழுக்கக் கற்பனை. கறையில்லாதவை என்று சொல்ல முடிந்தவை 3. மேசை முன் உட்கார்ந்து ஆய்வைப் பற்றி நாவல் எழுதியது போல இருக்கிறது என்று அந்தக் குழுவே குறிப்பிட்டது.

இந்தச் சோதனை பொய்யை மட்டுமல்ல, பிசகையும் பிடிக்கும். 2017இல் கார்லைல் மயக்கவியல் இதழ்களோடு பொது மருத்துவ இதழ்களையும் சேர்த்து எட்டு இதழ்களின் 5,087 ஆய்வுகளைச் சல்லடை போட்டார். அதில் சிக்கியவற்றில் ஒன்று, மத்திய தரைக்கடல் உணவுமுறை இதயத்துக்கு நல்லது என்று சொன்ன ஸ்பெயின் நாட்டுப் பெரிய ஆய்வு. அங்கே யாரும் எண்களைப் புனையவில்லை. சில இடங்களில் ஆளாளுக்குத் தனியாகக் குலுக்காமல் கூட்டமாக ஒதுக்கியிருந்தார்கள். 2018இல் கட்டுரையைத் திரும்பப் பெற்று, திருத்தி மறுபடி வெளியிட்டார்கள். ஆக, ‘திரும்பப் பெறப்பட்டது’ என்ற சொல்லைப் பார்த்ததும் மோசடி என்று முடிவுகட்ட வேண்டாம். காரணத்தையும் படிக்க வேண்டும்.

நோயாளிக்கு என்ன நஷ்டம்?

ஒரு கட்டுரை பொய்யானால் அது மட்டும் போவதில்லை. பல ஆய்வுகளைக் கூட்டி ஒரே முடிவுக்கு வரும் தொகுப்பாய்வுகளில் அது கலந்திருக்கும். டாக்டர்கள் பின்பற்றும் வழிகாட்டுதல்கள் அந்தத் தொகுப்பாய்வுகளின் மேல் நிற்கும். பால் குடத்தில் ஒரு துளி விஷம் என்று சொல்லத் தோன்றும், ஆனால் உண்மையில் எத்தனை துளி, எவ்வளவு பெரிய குடம் என்பதைப் பொறுத்தது. இரண்டு உதாரணங்கள்.

முதலாவது, யோவாகிம் போல்ட். ஜெர்மனியின் லுட்விக்ஸ்ஹாஃபன் மருத்துவமனையில் மயக்கவியல் தலைவர். ரத்தம் இழந்தவர்களுக்கு நாளத்தில் ஏற்றும் மாவுச்சத்துத் திரவம் பற்றிய ஆய்வுகளில் அவர் பெயர்தான் முன்னால் நிற்கும். 2009இல் வந்த ஒரு கட்டுரையில் ரத்தப் பரிசோதனை எண்கள் ஆளுக்கு ஆள் மாறாமல் அளவுக்கு மீறிச் சீராக இருந்ததைக் கண்டு வாசகர்கள் இதழுக்கு எழுதினார்கள். விசாரித்தால், மறுபடியும் அதே நெறிமுறை ஃபைல் இல்லை. 2010இல் பதவி போனது. திரும்பப் பெறப்பட்ட அவருடைய கட்டுரைகள் இன்று 200ஐத் தாண்டிவிட்டன.

2013இல் கனடாவைச் சேர்ந்த ஒரு குழு, தீவிர சிகிச்சை நோயாளிகளுக்கு இந்தத் திரவம் ஏற்றிய 38 ஆய்வுகளைத் தொகுத்தது. போல்டின் 7 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால் இறப்பு கூடுகிறதா இல்லையா என்பது தெளிவில்லாமல் இருந்தது. அந்த ஏழையும் எடுத்துவிட்டுப் பார்த்தபோது, திரவம் ஏற்றியவர்களிடம் இறப்பும் சிறுநீரகப் பாதிப்பும் அதிகம் என்று தெளிவாகத் தெரிந்தது. ஐரோப்பிய மருந்து முகமை 2013இல் கட்டுப்பாடு விதித்தது, 2022இல் விற்பனை அனுமதியையே நிறுத்திவைத்தது.

இரண்டாவது, பிரிகாபலினும் அதன் அண்ணன் காபாபென்டினும். நரம்பு வலிக்கான மாத்திரைகள். அறுவைக்கு முன் கொடுத்தால் பிறகு வலி குறையும் என்று உலகம் முழுக்க எழுதிக் கொடுத்தார்கள். ரூபன் ஒருவரால் வந்த பழக்கம் என்று சொல்ல முடியாது, அவரும் அந்தக் காற்றில் ஊதியவர். 2020இல் 281 ஆய்வுகள், 24,682 நோயாளிகள் அடங்கிய தொகுப்பாய்வு வந்தது. அறுவை முடிந்து 24 மணி நேரத்தில், 100க்கு 7 மார்க்தான் வலி குறைந்திருந்தது. 10 குறைந்தால்தான் நோயாளிக்குத் தெரியும் என்று முன்னால் பார்த்தோமே, அதற்கும் கீழே. மறுபக்கம் தலைசுற்றலும் பார்வைக் கலக்கமும் கூடியிருந்தன. இந்த மாத்திரைகள் வயதானவர்களுக்கும், மார்பின் போன்றவற்றோடு சேர்த்து எடுப்பவர்களுக்கும் மூச்சைத் தாழ்த்தலாம் என்று அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பும் 2019 டிசம்பரில் எச்சரித்திருந்தது.

ஏன் குறிப்பாக இந்தத் துறை?

வசதி ஒரு காரணம். புற்றுநோய் மருந்தைச் சோதிக்க ஐந்து வருடம் நோயாளியின் பின்னால் போக வேண்டும். வலி ஆய்வு 24 மணி நேரத்தில் முடிந்துவிடும். ஒரே மருத்துவமனையில், ஒரே டாக்டர், 60 பேரை வைத்துச் செய்துவிடலாம். செய்ததாகச் சொல்லவும் சொல்லலாம். தினமும் அறுவை நடக்கும் இடத்தில் நோயாளி எண்ணிக்கையை யாரும் சந்தேகிக்க மாட்டார்கள். அப்புறம், அந்த வாய்மொழி எண்.

ஆனால் மற்ற துறைகள் யோக்கியம், மயக்கவியல் மட்டும் மோசம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. இந்தத் துறை தேடியது, அதனால் கிடைத்தது. தேடாத துறைகளின் கணக்கு யாருக்கும் தெரியாது.

ரூபன், ஃபுஜி, போல்ட் மூன்று பேரும் மாட்டியதில் ஒரு ஒற்றுமை உண்டு. யாரையும் வலி மார்க்கை வைத்தோ வாந்தி எண்ணிக்கையை வைத்தோ பிடிக்கவில்லை. முக்கிய முடிவுகளை எல்லாரும் கவனமாகத்தான் எழுதியிருந்தார்கள். காட்டிக்கொடுத்தவை ஓரத்தில் கிடந்த விஷயங்கள்: வராத ஒரு ஃபைல், தலைவலிக் கணக்கு, நோயாளிகளின் உயரம், ரத்தப் பரிசோதனை எண்களின் விலகல்.

எக்செல் ஷீட்டைக் காட்டு

கார்லைல் ‘அனஸ்தீசியா’ என்ற மயக்கவியல் இதழின் ஆசிரியர் குழுவில் இருந்தவர். 2017 பிப்ரவரியிலிருந்து 2020 மார்ச் வரை அந்த இதழுக்கு வந்த 526 ஆய்வுகளை அவர் பரிசோதித்தார். 153 ஆய்வுகளுக்கு மட்டும் நோயாளி வாரியான எண்கள் அடங்கிய ஷீட் கையில் இருந்தது. 2019 முதல் எகிப்து, சீனா, இந்தியா, ஈரான், ஜப்பான், தென் கொரியா, துருக்கி ஆகிய நாடுகளிலிருந்து வரும் ஆய்வுகளுக்கு ஷீட்டைக் கட்டாயமாகக் கேட்டார்கள். பட்டியலில் நம் நாட்டின் பெயர் இருப்பது கசப்பான விஷயம்தான்.

ஷீட்டில் என்ன தெரியும்? உதாரணத்துக்கு, 11ஆம் வரியிலிருந்து 20ஆம் வரி வரை இருக்கும் வலி மார்க்குகள் 4, 3, 6, 5, 3 என்று போகும். 41ஆம் வரியிலிருந்து அதே 4, 3, 6, 5, 3 மறுபடி வரும். காப்பி எடுத்து ஒட்டியிருக்கிறார்கள். அச்சான கட்டுரையில் சராசரி மட்டும்தான் இருக்கும் என்பதால் இது ஒருபோதும் கண்ணில் படாது.

ஷீட் இல்லாத 373 ஆய்வுகளில் பொய்த் தரவு இருப்பதாகக் கண்டது 6, அதாவது 2 சதவீதம். ஷீட் இருந்த 153இல் 67, அதாவது 44 சதவீதம். சந்தேகம் இருந்த இடங்களில்தான் ஷீட்டை அதிகம் கேட்டார்கள் என்பதால் இந்த 44ஐ உலகம் முழுமைக்கும் பொருத்திவிட முடியாது. அந்த 2ஐயும் நம்ப முடியாது. பார்த்தது அதே ஆள்தான், அவர் கையில் சராசரிகள் மட்டுமே இருந்தன. பெரும்பாலான மருத்துவ இதழ்கள் இன்றும் சராசரியை மட்டும் வாங்கிக்கொண்டுதான் கட்டுரையை அச்சிடுகின்றன.